தலைப்புப் பக்கம் இல்லாத வேதபுஸ்தகம்

அந்தப் புத்தகத்துக்கு அட்டை இல்லை, தலைப்புப் பக்கம் இல்லை, ஆதியாகமத்தின் முதல் சில இலைகளும் இல்லை. அச்சிட்டவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று சொல்லக்கூடிய தாள்கள் அத்தனையும் போய்விட்டன. முதுகில் காடாத்துணி ஒட்டி, மஞ்சள் துணியில் சுற்றி, தேவனூர் நாட்டில் ஒரு வீட்டில் அதை வைத்திருக்கிறார்கள். கொல்லிமலையில் ‘நாடு’ என்பது சில ஊர்கள் சேர்ந்த பழைய நிர்வாகப் பிரிவு. மலையில் அப்படி 14 நாடுகள் உண்டு; தேவனூர் நாடு அவற்றுள் ஒன்று. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இருந்த அந்த வீட்டில், புத்தகம் “தொரை கொடுத்தது” என்பது பேச்சு.

‘தொரை’ என்றால் இந்த மலையில் ஒருவரைத்தான் சொல்வார்கள். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்ட் 1907-இல் இந்தியா வந்தார். 1913-இல் ஈவ்லினை மணந்து கொல்லிமலையிலேயே குடியேறினார். தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து உலகப் புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட் இவர்களுடைய மகன், 1914-இல் பிறந்தவர். 1929-இல் ஜெஸ்ஸி மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் முதுமையிலும் மலைமலையாக ஊழியம் செய்து 1974-இல் மறைந்தார். இருவருக்கும் மலையில் ஊன்றிய நினைவு பெரியது. ஆகவே பழைய பொருள் எதுவானாலும் அவர்கள் கணக்கில் சேர்ந்துவிடும். ஆய்வாளர் அதைக் கேட்டுக்கொள்ளலாம். சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

புறச்சான்று இல்லாத நூலை அகச்சான்றால்தான் விசாரிக்க வேண்டும். முதலில் எழுத்து. ணை, லை, ளை, னை ஆகியவற்றில் பழைய துதிக்கைக் கொம்பு இருக்கிறது. ணா, றா, னா மூன்றும் சுழித்த பழைய வடிவத்தில் இருக்கின்றன. தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978-இல். ஆகவே புத்தகம் அதற்கு முந்தியது என்று பொதுவாகச் சொல்லலாம். பழைய எழுத்தை அச்சகங்கள் ஒரே நாளில் தூக்கிப் போட்டுவிடவில்லை என்பதால், இந்த எல்லைக்கோடுகூடச் சற்றுக் கலங்கியதுதான்.

அடுத்தது, கடவுளைக் குறிக்கும் சொல். தமிழ்ப் புரோட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்புகளை அடையாளம் காண இதைவிட எளிய வழி இல்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1708-இல் தொடங்கி 1711-இல் முடித்த புதிய ஏற்பாடு 1714–15-இல் அச்சேறியது. அவருடைய எழுத்தில் ‘சருவேசுரன்’ வருகிறது. வேப்பேரியில் உழைத்த பப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்றார். அவருடைய புதிய ஏற்பாடு 1772-இல் வந்தது. 20-ஆம் நூற்றாண்டில் லார்சன் முன்னின்று நடத்திய திருத்தத்தில் ‘கடவுள்’ வந்தது. நம் புத்தகம் எங்கும் ‘தேவன்’ என்கிறது. அப்படியானால் இது 1871-இல் முழுமையாக வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு. ஹென்றி பவர் என்ற எஸ்.பி.ஜி. மிஷனரியின் தலைமையில் பல சபைகள் கூடிச் செய்த திருத்தம் அது. இன்றும் பெரும்பாலான தமிழ்ப் புரோட்டஸ்டண்ட் வீடுகளில் வாசிக்கப்படுவது அதுதான்.

இந்த இடத்தில் ஒரு வழக்காற்றைத் திருத்த வேண்டும். நாம் இன்று கையில் பிடிக்கும் வேதாகமம் ஆறுமுக நாவலர் மொழிபெயர்த்தது என்று மேடைகளில் சொல்லப்படுகிறது. நாவலர் யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவலுக்கு உதவியாக உழைத்தது உண்மை. அந்த மொழிபெயர்ப்பு 1850-இல் ‘பரீட்சார்த்த’ பதிப்பு என்ற பெயரோடு வந்ததும் உண்மை. ஆனால் தமிழகத்துச் சபைகள் அதைப் பொதுப் பாடமாக ஏற்கவில்லை. பவர் குழு பப்ரிசியுஸை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றையும் பார்த்துத் திருத்தியது. தேவனூர் நாட்டுப் புத்தகம் நாவலர் வழி வந்ததன்று.

ஆக, 1871-க்குப் பிறகு, ஏறத்தாழ 1978-க்கு முன். துரை கொடுத்ததாக இருக்கலாம். அவர் இறந்து முப்பது ஆண்டு கழித்து நாமக்கல்லில் யாரோ வாங்கியதாகவும் இருக்கலாம். காலத்தைப் பொறுத்தவரை இதற்கு மேல் நகர முடியாது. பாடத்தைப் பொறுத்தவரை இங்கேதான் தேடல் தொடங்குகிறது. பவர் குழு எந்தக் கிரேக்க மூலத்தை முன்னால் வைத்துக்கொண்டு திருத்தியது? அந்த மூலம் எந்தக் கையெழுத்துப் படியிலிருந்து வந்தது?

புதிய ஏற்பாட்டை எழுதியவர்களின் கைப்பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. இருப்பவை எல்லாம் படியைப் பார்த்து எடுத்த படிகள். எகிப்தின் மணலில் கிடைத்த பாப்பிரஸ் தாள்கள், நாலாம் ஐந்தாம் நூற்றாண்டுகளின் பெரிய தோல் சுவடிகள், இடைக்காலத் துறவிகள் எழுதிய ஆயிரக்கணக்கான சிற்றெழுத்துப் படிகள் என்று அவை பலவகை. ஒன்றுக்கொன்று வேறுபடும் இடங்களைத் தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் ‘பாடபேதம்’ என்பார்கள். ஆக்ஸ்போர்டில் ஜான் மில் 1707-இல் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பு, தெரிந்த பாடபேதங்களைச் சுமார் 30,000 என்று திரட்டிக் காட்டியது. சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியதற்கு மறு ஆண்டு அது.

இந்தக் கடலில் ஒரு மொழிபெயர்ப்பின் வம்சாவளியை எப்படிக் கண்டுபிடிப்பது? சுவடியியலில் இதற்கு ஒரு விதி உண்டு. இரண்டு படிகள் சரியான பாடத்தில் ஒத்துப்போனால் அதற்கு மதிப்பு இல்லை; சரியானதை யார் வேண்டுமானாலும் தனித்தனியே காத்திருக்கலாம். பிழையில் ஒத்துப்போனால்தான் உறவு. அதுவும் இருவர் தனித்தனியே செய்ய முடியாத பிழையாக இருக்க வேண்டும். ஆகவே நான் தேவனூர் நாட்டுப் புத்தகத்தில் தேடியது அழகான வசனங்களை அல்ல. கிரேக்கப் படிகள் கைவிடும் வசனங்களை.

நல்லவேளையாக, முன்பக்கம் போனாலும் பின்பக்கம் இருந்தது. வெளிப்படுத்தின விசேஷம் கடைசி அதிகாரம், 22, முழுதாக இருக்கிறது.

அதில் 14-ஆம் வசனம் முதல் தடயம். நம் புத்தகத்தில் அது கற்பனைகளின்படி, அதாவது கட்டளைகளின்படி, நடப்பவர்களைப் பாக்கியவான்கள் என்கிறது. சினாய், அலெக்சாந்திரியா என்னும் இரண்டு பழைய தோல் சுவடிகளும் அந்த இடத்தில் தங்கள் அங்கிகளைத் துவைப்பவர்களைப் பாக்கியவான்கள் என்கின்றன. கிரேக்கத்தில் ‘ஸ்தோலாஸ்’ அங்கிகள், ‘எந்தோலாஸ்’ கட்டளைகள். முன்னால் வரும் வினைகளும் ஓசையில் நெருங்கியவை. காதில் விழுந்ததை எழுதினாலும் கண்ணால் பார்த்து எழுதினாலும் வழுக்கக்கூடிய இடம். ஆனால் இந்தத் தடயத்தை நான் ஒதுக்கி வைக்க வேண்டியிருந்தது. ‘கட்டளைகள்’ என்ற பாடம் பிற்காலப் பைசாந்தியப் படிகளில் ஏராளமாக இருக்கிறது. அந்தப் படிகளில் எதிலிருந்து வேண்டுமானாலும் அது தமிழுக்கு வந்திருக்கலாம். கூட்டத்தில் ஒருவனை அது அடையாளம் காட்டாது.

ஐந்து வசனம் தள்ளி, 19-ஆம் வசனம் காட்டுகிறது. இந்தத் தீர்க்கதரிசன நூலின் வார்த்தைகளிலிருந்து எதையாவது எடுத்துப்போடுகிறவனுடைய பங்கைத் தேவன் எடுத்துப்போடுவார் என்று எச்சரிக்கும் வசனம் அது. எதிலிருந்து அந்தப் பங்கு போகும்? நம் புத்தகத்தில் ஜீவபுஸ்தகத்திலிருந்து. சினாய்ச் சுவடியில் ஜீவமரத்திலிருந்து. அலெக்சாந்திரியச் சுவடியிலும் மரம்தான். மூன்றாவது பெரிய சாட்சியான வத்திக்கான் சுவடியை அழைக்க முடியாது. அதன் பழைய பகுதி எபிரெயர் நிருபத்தின் நடுவிலேயே முறிந்துவிடுகிறது, வெளிப்படுத்தல் அதில் இல்லை. ஆனால் இங்கே பைசாந்தியப் படிகளும் மரத்தின் பக்கமே நிற்கின்றன. ‘புத்தகம்’ என்று சொல்லும் கிரேக்கப் படிகள் மிகச் சில. அவற்றிலும் அச்சுநூலைப் பார்த்துக் கையால் படியெடுத்தவை உண்டு. அதாவது, சுவடியிலிருந்து அச்சுக்குப் போகாமல் அச்சிலிருந்து சுவடிக்குத் திரும்பியவை.

அப்படியானால் முதலில் அச்சிட்டவரைத்தான் விசாரிக்க வேண்டும்.

1516 மார்ச்சில் பாசல் நகரத்தில் புரோபென் அச்சகத்திலிருந்து எராஸ்முஸ் பதிப்பித்த கிரேக்கப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. விற்பனைக்கு வந்த முதல் கிரேக்கப் புதிய ஏற்பாடு அதுவே. சில மாதங்களில் முடித்த வேலை. பதிப்பித்தோம் என்பதைவிட அவசரப்பட்டுத் தள்ளிவிட்டோம் என்பதே பொருந்தும் என்ற கருத்தில் அவரே பிறகு எழுதினார். வெளிப்படுத்தல் நூலுக்கு அவர் கையில் இருந்தது ஒரே ஒரு கிரேக்கப் படி. ஜெர்மானிய எபிரெய அறிஞர் ரொய்க்லினிடம் இரவல் வாங்கியது. அது அப்போஸ்தலர் காலத்துக்கே நெருங்கியதாக இருக்கும் என்று எராஸ்முஸ் நினைத்தார். உண்மையில் 12-ஆம் நூற்றாண்டுப் படி. மூலமும் செசரியா அந்திரேயாவின் உரையும் கலந்து எழுதப்பட்டிருந்ததால், எது வசனம் எது உரை என்று பிரிப்பதே சிரமம். போதாததற்குக் கடைசி இலை இல்லை. 22-ஆம் அதிகாரத்தின் இறுதி ஆறு வசனங்கள் அந்த இலையோடு போயிருந்தன.

எராஸ்முஸ் என்ன செய்தார்? மேற்குச் சபை ஆயிரம் ஆண்டுகளாக வாசித்துவந்த வுல்காத்தா என்னும் லத்தீன் மொழிபெயர்ப்பை எடுத்து, அந்த ஆறு வசனங்களைத் தாமே கிரேக்கத்தில் பெயர்த்தார். லத்தீனிலிருந்து சிலவற்றைச் சேர்த்ததாகத் தம் குறிப்புரையில் ஒப்புக்கொள்ளவும் செய்தார். வுல்காத்தாவில் அந்த இடத்தில் ‘லிப்ரோ’, அதாவது புத்தகம். மரத்துக்கு லத்தீன் ‘லிக்னோ’. லிக்னோ என்று இருந்தது எழுதுபவன் கையில் லிப்ரோ ஆயிற்று என்பதே அறிஞர் கருத்து. ஏட்டுச் சுவடியில் பழகியவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. புள்ளி இல்லை, குறில் கொம்புக்கும் நெடில் கொம்புக்கும் வேறுபாடு இல்லை, ரகரமும் காலும் ஒரே கோடு என்னும் நிலையில் நம் ஏடெழுதுவோர் இதைவிடப் பெரிய மாற்றங்களைச் செய்திருக்கிறார்கள். ஆனால் இந்தப் பிழை நடந்தது லத்தீனில். கிரேக்கத்தில் ‘மரம்’, ‘புத்தகம்’ இரண்டும் ஒன்றையொன்று ஒத்த சொற்கள் அல்ல. லத்தீன் வழியாக வராமல் இந்தப் பிழை கிரேக்கத்துக்குள் நுழைவது கடினம். அதனால்தான் இது சான்றாகிறது.

இது பிறகு வந்தவர்களின் ஊகம் என்று ஒருவர் கேட்கலாம். நானும் முதலில் அந்தக் கோணத்தில்தான் பார்த்தேன். ஏனென்றால் ரொய்க்லினின் படி நீண்ட காலம் காணாமல் போயிருந்தது. அதன் கடைசி இலை இருந்ததா இல்லையா என்பதற்கு எராஸ்முஸின் சொல்லும் அவருடைய கிரேக்கத்தின் தரமும்தான் அதுவரை சான்று. 1861-இல் பிரான்ஸ் டெலிட்ஸ் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் பவாரியாவில் எட்டிங்கன்-வாலர்ஸ்டைன் பிரபுக் குடும்பத்தின் நூலகத்தில் அதைக் கண்டுபிடித்தார். இலை இல்லை. அச்சுநூலையும் படியையும் ஒப்பிட்ட டெலிட்ஸ், எந்தக் கிரேக்கப் படியிலும் இல்லாத வடிவங்கள் அச்சில் இருப்பதை வரிவரியாகக் காட்டினார். அந்தச் சுவடி இப்போது ஆக்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

இதில் இன்னொரு சங்கதி எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஸ்பெயினில் அச்சான கொம்புளூத்தென்சியப் பன்மொழி வேதாகமத்தில் வெளிப்படுத்தலின் கடைசி இலை முழுதாக இருந்தது, அதில் மரம். எராஸ்முஸ் அதைப் பார்த்துத் தம் 1527 பதிப்பில் வெளிப்படுத்தல் நூலை மட்டும் ஏறத்தாழ 90 இடங்களில் திருத்தினார். அந்த ஆறு வசனங்களுக்கு வந்தபோது எல்லாவற்றையும் திருத்தவில்லை. புத்தகம் அப்படியே நின்றுவிட்டது. பிறகு ராபர்ட் எஸ்தியேன் 1550-இல் பாரிசில் அதையே அச்சிட்டார். லெய்டனில் எல்சவீர் அச்சகம் 1633 பதிப்பின் முன்னுரையில், இது எல்லாரும் ஏற்றுக்கொண்ட பாடம் என்று வாசகருக்கு விளம்பரம் செய்தது. ‘ஏற்கப்பட்ட பாடம்’ என்ற பெயர் அந்த விளம்பர வரியிலிருந்து வந்ததுதான். பிறகு பெயருக்கு ஏற்ற கௌரவமும் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் 1611 ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பு இந்த வரிசையைச் சேர்ந்தது. பவர் குழு கிரேக்கத்திலிருந்தே எடுத்ததா, ஆங்கிலத்தைப் பார்த்ததா, முந்தைய தமிழைத் தொடர்ந்ததா என்று இந்த வசனத்தை வைத்துத் தீர்ப்பளிக்க முடியாது. எந்த வழியில் வந்தாலும் எல்லாத் தடமும் பாசலில் அந்த இலையில்லாத படியில்தான் போய் முடிகிறது. நூலிலிருந்து எதையும் எடுக்காதே, கூட்டாதே என்று சொல்லும் வசனத்தில் இது நடந்திருக்கிறது.

பவருக்குப் பாடபேதம் என்றால் என்னவென்று தெரியாதா? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோது கிடைத்தது எனக்கு இந்த ஆய்விலேயே பெரிய வியப்பு. ஐக்கிய மொழிபெயர்ப்பின் வேலை நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1868-இல், இதே ஹென்றி பவர் முத்தையா பிள்ளையின் துணையோடு சீவகசிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை நச்சினார்க்கினியர் உரையோடு சென்னையில் பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையரின் முழுச் சிந்தாமணி 1887-இல்தான் வந்தது. அதற்கு 19 ஆண்டுகள் முன்பு ஒரு பாதிரியார் சமணக் காப்பியத்தின் முதற்பகுதியை அச்சேற்றியிருக்கிறார். ஏட்டுக்கு ஏடு சொல் மாறும் என்பதை நன்றாக அறிந்தவர்தான் ஜீவபுஸ்தகத்தை அப்படியே விட்டார்.

காரணம் அறியாமை அன்று, விதி. 1804-இல் தோன்றிய பிரிட்டிஷ் அன்ட் பாரின் பைபிள் சொசைட்டி உலகெங்கும் மொழிபெயர்ப்புகளுக்குப் பணம் கொடுத்தது, அச்சிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அதன் மொழிபெயர்ப்பாளர்கள் புதிய ஏற்பாட்டுக்கு ஏற்கப்பட்ட பாடத்தையே பின்பற்ற வேண்டும். பல சபைகள் கூடி நடத்தும் சங்கம் அது. மூலத்தைப் பற்றிச் சண்டை வந்தால் சங்கமே உடைந்துவிடும் என்ற அச்சம் நியாயமானதுதான். 1904-இல்தான் அது ஏபெர்ஹார்ட் நெஸ்லே தொகுத்த, பழைய சுவடிகளை அடிப்படையாகக் கொண்ட கிரேக்கப் பாடத்தை ஏற்றது. சிந்தாமணிக்குப் பவர் தாமே எஜமானர். வேதாகமத்துக்கு அவர் ஒரு குழுவின் தலைவர்.

காலம் அவரோடு கொஞ்சம் விளையாடியும் இருக்கிறது. 1859-இல் திஷெண்டார்ப் என்ற சுவடி அறிஞர் சினாய் மலையின் புனித காத்தரின் மடத்திலிருந்து நாலாம் நூற்றாண்டுத் தோல் சுவடியைக் கொண்டுபோனார்; 1862-இல் அதன் பாடம் அச்சில் வந்தது. அவர் கொண்டுபோனது இரவலா, கொடையா என்பதில் மடத்துக்கும் மற்றவர்களுக்கும் இன்றும் வழக்கு இருக்கிறது. சோவியத் அரசு அதன் பெரும்பகுதியை 1933-இல் ஒரு லட்சம் பவுனுக்குப் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விற்றது தனிக் கதை. நமக்கு வேண்டியது இது: டெலிட்ஸின் கண்டுபிடிப்பும் திஷெண்டார்பின் சுவடியும் வெளியான அந்த 1860-களில்தான், சென்னையில் தமிழ் வேதாகமம் பழைய பாடத்தில் உறைந்துகொண்டிருந்தது.

சினாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் மாற்கு சுவிசேஷம் 16-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. கல்லறையிலிருந்து பெண்கள் பயந்து ஓடுவதோடு முடிவு. நம் புத்தகத்தில் மேலும் 12 வசனங்கள் இருக்கின்றன. ஆனால் இதுவும் வெளி. 22:14 போலத்தான், ஏராளமான கிரேக்கப் படிகளில் அந்த வசனங்கள் உள்ளன. வம்சாவளிக்கு உதவாது.

1 யோவான் 5:7 உதவும். பரலோகத்தில் சாட்சி கொடுக்கிற மூவரைச் சொல்லும் வரி நம் புத்தகத்தில் முழுதாக இருக்கிறது. பழைய கிரேக்கப் படி எதிலும் அது இல்லை. லத்தீன் மரபில் வளர்ந்தது. எராஸ்முஸின் முதல் இரண்டு பதிப்புகளிலும் இல்லை. 1522-இன் மூன்றாம் பதிப்பில் ஏறியது. அந்த வரி உள்ள ஒரே ஒரு கிரேக்கப் படியைக் காட்டினால் சேர்த்துவிடுகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார், எதிரிகள் அவசரமாக ஒரு படியை எழுதிக் கொண்டுவந்து நீட்டினார்கள் என்ற கதையைப் பல பாடநூல்களில் படித்திருப்பீர்கள். டச்சு அறிஞர் எச். ஜே. டி யோங்கே 1980-இல் எராஸ்முஸின் எழுத்துகளைத் துருவிப் பார்த்து, அப்படி ஒரு வாக்குக்கு ஆதாரமே இல்லை என்று காட்டினார். பழிச்சொல்லுக்கு அஞ்சிச் சேர்த்தார் என்பதுதான் எராஸ்முஸின் சொந்த எழுத்திலிருந்து தெரிவது. இப்போது டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் அந்தப் படி 16-ஆம் நூற்றாண்டினது என்பது மட்டும் உண்மை. நல்ல கதைகள் சான்றைவிட நீண்ட நாள் வாழ்கின்றன. கொல்லிமலைத் துரையின் புத்தகத்தையும் நான் அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

இவ்வளவையும் அந்த வீட்டில் எளிமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அடுப்பங்கரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பாட்டி இடைமறித்தார்.

“அப்ப எங்க புஸ்தகத்துல தப்பு இருக்குதுங்கறீங்களா, சார்?”

“தப்புன்னு சொல்லலைங்க பாட்டி. எந்த வழியா வந்துச்சுன்னு தேடறேன்.”

“வழி எதுவா இருந்தா என்ன, வந்து சேந்துச்சில்ல” என்று அவர் உள்ளே போய்விட்டார். பேரனுக்குத்தான் ஆர்வம். நான் சொல்லும் வசனத்தையெல்லாம் கைப்பேசியில் ஒரு புதிய மொழிபெயர்ப்பில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன்தான் திடீரென்று, “சார், அப்போஸ்தலர் எட்டுல முப்பத்தாறுக்கு அப்புறம் முப்பத்தெட்டு வருது” என்றான்.

அந்த வசனத்தை நான் கடைசிக்கு வைத்திருந்தேன். பாப்டிஸ்ட் மலையில் அதைத் தொடுவதற்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது.

கதை எல்லாருக்கும் தெரிந்ததே. எத்தியோப்பிய மந்திரி ஒருவன் ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறான். பிலிப்பு ஏறி உட்கார்ந்து விளக்குகிறான். தண்ணீரைக் கண்டதும் மந்திரி, நான் ஞானஸ்நானம் பெறத் தடை என்ன என்று கேட்கிறான். 36-ஆம் வசனம் அங்கே முடிகிறது. 38-இல் இருவரும் தண்ணீரில் இறங்குகிறார்கள். இடையில் 37: முழு இருதயத்தோடு விசுவாசித்தால் தடையில்லை என்ற பிலிப்பின் விடை, இயேசு தேவனுடைய குமாரன் என்ற மந்திரியின் அறிக்கை. குழந்தைக்கு அல்ல, விசுவாசத்தை வாயால் அறிக்கையிட்டவனுக்கே முழுக்கு ஞானஸ்நானம் என்று நிற்கிற சபைக்கு இதைவிட நேரான வசனம் கிடைப்பது அரிது. மஞ்சள் துணிப் புத்தகத்தில் 37-ஆம் வசனத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலால் கோடு போட்டிருக்கிறார்கள். கோடு போட்டது யார், எப்போது என்று கண்டுபிடிக்க வழியில்லை.

வசனத்துக்கு எதிரான சாட்சிகள் கனமானவை. சினாய், வத்திக்கான், அலெக்சாந்திரியா மூன்றிலும் அது இல்லை. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த, டப்ளினில் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ள பாப்பிரஸ் 45-இல் நல்ல வேளையாக இந்தப் பகுதி எஞ்சியிருக்கிறது, அதிலும் இல்லை. பைசாந்தியப் படிகளில் மிகப் பலவும் விட்டுவிடுகின்றன. எராஸ்முஸ் தம்மிடமிருந்த ஒரு படியின் ஓரத்தில் எழுதியிருந்ததைக் கண்டு, எழுதுவோரின் கவனக்குறைவால் விடுபட்டது என்று கருதி உள்ளே சேர்த்தார். வசனங்களுக்கு எண் கொடுத்தவர் அதே எஸ்தியேன், 1551-இல். அப்போது இந்த வரி பாடத்துக்குள் இருந்ததால் அதற்கு 37 என்ற எண் கிடைத்தது. பிறகு வரியை எடுத்தாலும் எண்ணை மாற்ற முடியவில்லை. கைப்பேசியில் பையன் கண்ட ஓட்டை அதுதான்.

இதோடு முடித்துவிட்டால் 37-ஆம் வசனமும் ஜீவபுஸ்தகத்தின் தம்பி என்று எழுதிவிடலாம். ஆனால் சாட்சிகளை ஒழுங்காக நிறுத்தினால் வழக்கு அப்படிப் போகவில்லை. பாசலுக்கு வெகுகாலம் முன்பே, 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, கிரேக்கமும் லத்தீனும் எதிரெதிர்ப் பத்தியில் எழுதிய லாடியன் சுவடியில் இந்த வசனம் இருக்கிறது. இங்கிலாந்தின் பீட் என்ற பழைய துறவி பயன்படுத்திய சுவடி அது. இப்போது ஆக்ஸ்போர்டில் இருக்கிறது. இன்னும் பின்னால் போனால், ஏறத்தாழ கி.பி. 180-இல் லியோன் நகரத்து ஆயர் இரனேயுஸ், மந்திரியின் அறிக்கையைத் தம் நூலில் எடுத்தாள்கிறார். மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜின் சிப்ரியானும் பிலிப்பின் விடையை அறிந்திருக்கிறார். வசனம் இல்லாத நம் மிகப் பழைய படியைவிட, வசனத்தை அறிந்த இரனேயுஸ் மூத்தவர்.

ஜீவபுஸ்தகம் லத்தீனில் கை வழுக்கி, ஒரு இலை தொலைந்ததால் கிரேக்கத்தில் நுழைந்தது. இது வேறு வகை. லூக்கா இதை எழுதியிருந்தால் எவனும் வேண்டுமென்றே நீக்கியிருக்கமாட்டான். ஆகவே மூலத்தில் இருந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் கேள்வி கேட்டவனுக்கு விடை சொல்லாமல் தண்ணீரில் இறக்குவதா என்று ஒரு வாசகன் தயங்கியிருக்கிறான். தன் சபையில் ஞானஸ்நானம் கொடுக்கும்போது கேட்கும் கேள்வியையும் பெறுபவர் சொல்லும் விடையையும் ஓரத்தில் எழுதினான். அடுத்துப் படியெடுத்தவன் ஓரத்தை உள்ளே சேர்த்தான் என்பதே அறிஞர் பலருடைய முடிவு. எனக்கும் அதைவிடப் பொருத்தமான விளக்கம் தெரியவில்லை. அப்படியென்றால் 37-ஆம் வசனம் அப்போஸ்தலர் நடபடிகளுக்குச் சாட்சி அன்று. இரண்டாம் நூற்றாண்டுச் சபை தண்ணீர்க் கரையில் என்ன கேட்டது, என்ன விடை வாங்கியது என்பதற்குச் சாட்சி.

பையனிடம் இதைச் சொன்னேன். அவன் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, போன வருஷம் தனக்கு ஞானஸ்நானம் கொடுக்குமுன் போதகர் கேட்ட கேள்வியை ஒப்பித்தான். முழு இருதயத்தோடு விசுவாசிக்கிறாயா என்பதுதான் அது. எந்தப் புத்தகத்தைப் பார்த்துக் கேட்டார் என்றேன். “புஸ்தகம் பாக்கலைங்க சார். அவர் தண்ணிக்குள்ள நின்னாரு” என்றான்.